வெல்வெற் பலகைக்குப் பின்னால் ஒரு கால்

வெல்வெற் துணியை ஒரு பக்கமாகத் தடவினால் கறுப்பு நிழல் விழும்; மறுபக்கமாகத் தடவினால் அந்த நிழல் மறைந்துவிடும். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த செல்வம் அவ்வளவுதான்: விரலுக்குக் கீழே நிறம் மாறும் ஒரு சிவப்புத் துணியும், அதன் அடியிலிருந்து மூக்கில் ஏறும் பசையின் நெடியும்.

அப்போது கனடாவின் ஸ்காபரோவில் ஒரேயொரு படுக்கையறை கொண்ட அப்பார்ட்மென்ரில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். எங்கள் அகதி வழக்கு முடிந்து கனடா விசா கிடைக்கும்வரை அப்பா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார். அந்த மாரிக் குளிரில் அக்கா பெரியபிள்ளையானாள். சாமத்திய வீடு என்று பூப்புச் சடங்கு செய்தால் வீடியோ எடுக்க வேண்டும், எடுத்தால் அதன் பிரதி கொழும்புக்குப் போக வேண்டும். எங்கள் சனத்துக்கு அது மாற்ற முடியாத சட்டம். கொண்டாட்டத்தைக் கட்டடத்தின் கீழே இருந்த ஹோலில் வைத்துவிடலாம் என்று அம்மா நினைத்திருந்தார். வீடியோ எடுக்க வந்த அண்ணை ஒரே பேச்சில் அதைக் கவிழ்த்துவிட்டார்.

“ஹோல் சீன் எல்லாரும் எடுக்கினம் அக்கா. பிள்ளை தன்ரை பெட்ரூமிலை கட்டில்லை இருந்து தலையைத் திருப்பிப் பாக்கிற சீன் இல்லாட்டி அது வீடியோவே?”

எங்கள் “பெட்ரூமில்” பெட் இல்லை. கம்பளத்தின்மேல் வரிசையாகப் படுப்போம். அதை அவரிடம் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. அவர் போனதும் எங்களைப் பார்த்து, “அந்த மனுசன் கொழும்பிலையிருந்து பாக்கேக்கை கண் நிறைய வேணும். பிள்ளையள் நிலத்திலை கிடக்குதுகள் எண்டு தெரிஞ்சா நித்திரை கொள்ளமாட்டார்” என்றார்.

அம்மா தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார். கோட்டுகளுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் மினுங்கல் துணியின் மிச்சங்கள் விரிப்பாகின. பக்கத்துக் கட்டடத்தார் வெளியே தள்ளிய மெத்தை, பால் பெட்டிகளின்மேல் ஏறி இரட்டைக் கட்டிலானது. கதவடியில் யாரோ விட்டுப்போன குளிர்பெட்டி மட்டையில் பஞ்சு பரப்பி, வெல்வெற் இழுத்துக் கட்டி, பழைய கோட்டுப் பொத்தான்களை ஆழமாகக் குத்தித் தலைமாட்டுப் பலகை செய்தார். சரிகைச் சேலையைக் கூரையோடு ஒட்டித் தொங்கவிட்டபோது அறை ஒரு முழம் உயர்ந்ததுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு விளக்குகள். அக்கா வாசலில் நின்று, “அம்மா, இது ஆரின்ரை வீடு?” என்று கேட்டாள். அன்றைக்கு அம்மா சிரித்த சிரிப்பை நான் பிறகு கண்டதில்லை.

வீடியோ அண்ணையின் பெரிய லைற் எரிந்ததும் பலகையைச் சுவரோடு ஒட்டியிருந்த ரேப் சூட்டில் கழன்று, அது மெல்ல முன்னால் சாயத் தொடங்கியது. அம்மா என்னைப் பிடித்துச் சுவருக்கும் பலகைக்கும் நடுவே சொருகிவிட்டார். “பிடிச்சுக்கொண்டு நில். மூச்சுக் காட்டாதை!”

நான் பிடித்தேன். பிடித்தபடியே பயந்தேன். பலகை விழுந்தால் எங்கள் அகதி வழக்கும் கூடவே விழும், நீதிபதி என் பெயரைக் கூப்பிட்டுப் பிளேனில் ஏற்றிவிடுவார் என்று ஏன் நினைத்தேனோ தெரியாது. மூக்கு அரித்தது, சலம் முட்டியது, தெரிந்த தேவாரம் ஒன்று பாதியில் மறந்துபோனது. இந்த அமளியில் என் இடது கால் விளக்கடியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. தேவாலயத்தில் தந்த பழைய உடுப்புப் பையிலிருந்து எடுத்த, பெரிய ஆம்பிளை ஒருவருடைய கம்பளிச் “சொக்ஸ்” அந்தக் காலில் இருந்தது. முன்பக்கம் நாலு விரலளவு வெறுமையாக இருந்தாலும், படத்தில் அது வெறுமையாகத் தெரியவில்லை.

கசெற் கொழும்புக்குப் போனது. அப்பா அதைத் தன் தமக்கை வீட்டில், சொந்தக்காரர் எல்லாரையும் இருத்தி வைத்துப் பார்த்தார். என் கால் தெரியும் இடம் வந்ததும் அந்த மாமிதான் முதலில் நிறுத்தச் சொன்னாராம்.

அப்பாவின் தொலைபேசி அழைப்பு வந்தபோது அம்மா ஆசையோடு எடுத்தார். நானும் காதை ஒட்டி வைத்துக்கொண்டேன்.

“அறை நல்ல வடிவு” என்றார் அப்பா. “பெரிய கட்டில். உது ஆருக்கு?”

“வீடியோவுக்கப்பா” என்று அம்மா சிரித்தார்.

“விளக்கடியிலை நிக்கிற கால்?”

“உங்கடை மோன்ரை கால்.”

“அவனுக்கு அவ்வளவு பெரிய காலோ?”

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் றிசீவரைப் பறித்து, “அப்பா, அது நான்தான்! சொக்ஸ்தான் பெரிசு!” என்று கத்தினேன். அம்மா றிசீவரைத் திரும்ப வாங்கினார், நான் காதை எடுக்கவில்லை. பிறகு அப்பா அம்மாவுக்குச் சொன்னார்: “பிள்ளைக்குப் பொய் சொல்லிக் குடுக்காதை.”

விசா கிடைத்து அவர் வந்து இறங்கியபோது நான் வளர்ந்திருந்தேன். விமான நிலையத்தில் அவர் முதலில் என் காலைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அறைக்குள் போய் வெல்வெற் பலகையை விரலால் தட்டினார். மட்டைச் சத்தம் வந்தது. எல்லாம் தெளிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைச் சோபா செற்றிக்குப் போனார். கடைசி வரைக்கும் அந்தச் செற்றியில்தான் படுத்தார். சில மாதத்தில் அம்மா பலகையைப் பிரித்து, அந்த வெல்வெற்றில் செற்றிக்கு ஒரு குஷன் தைத்துக் கொடுத்தார். அதை அவர் தலைக்கு வைக்கவில்லை, காலுக்கு வைத்தார்.

இப்போது நான் ஸ்காபரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருக்கிறேன். அப்பா இல்லை. அந்தக் கட்டடத்துக்குப் புதுப்பெயர். கசெற் எங்கே போனதோ, கிடைத்தாலும் போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. போன கிழமை என் மகள், குறைந்த செலவில் படுக்கையறையை அரண்மனையாக்கும் வித்தையைக் கைபேசியில் பார்த்து எங்கள் அறையை அலங்கரித்தாள். திரைச்சீலையைக் கூரையோடு ஒட்டித் தொங்கவிடு, இரண்டு பக்கமும் ஒரே விளக்கு வை, தலைமாட்டுக்கு வெல்வெற் போடு என்று அந்த வீடியோவில் வந்த பெண் புதுக் கண்டுபிடிப்புப்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களோடு இருக்கும் அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “சுவரோடை சேர்த்து ஆணி அடியுங்கோ” என்று மட்டும் சொன்னார்.

நான் ஆணி அடித்தேன். வேண்டியதற்கு மேலாகவே அடித்தேன். மகள் படமெடுக்கக் கைபேசியைத் தூக்கியபோது திடீரென்று பதறி, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்து, என் சொக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு அறைக்கு வெளியே ஓடினேன். “அப்பா, ஆர் யூ ஓகே?” என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. என் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சொக்ஸ் இன்று இருந்தால் எனக்குச் சரியான அளவாக இருக்கும்.