பேப்பரில் ஒன்று, கையில் ஒன்று

என் சம்பளம் பூதலூர்ப் பக்கத்தில் யாருக்கும் குறைவாகத் தெரியவில்லை. உர மூட்டை இறக்க வந்தவர், பால்காரர், எதிர்வீட்டுச் சித்தி என்று எல்லோரும் பவுண்டை ரூபாயாக்கிப் பெருக்கிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அங்கே வீட்டு வாடகைக்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்குமே பாதி போய்விடுகிறது என்று சொன்னால், "அது கெடக்கட்டும், மொத்தமா எவ்வளவு வரும்?" என்பார் சித்தி. என் சம்பளம் குறைவாகத் தெரிந்தது ஒரே ஓர் இடத்தில்தான். இங்கிலாந்து அரசாங்கத்துக்கு.

விஷயம் இவ்வளவுதான். நான் இங்கிலாந்தில் ஒரு சின்ன கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். எழுதினேன். என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அரசாங்கம் ஒரு கோடு போட்டிருக்கிறது. சம்பளம் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் விசா, கீழே இருந்தால் பெட்டியைக் கட்டு. நான் போனபோது கோட்டுக்கு மேலேதான் இருந்தேன். பிறகு கோட்டை ஏற்றினார்கள். இன்னும் ஒரு முறை ஏற்றினார்கள். என் சம்பளம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஐப்பசியில் விசா முடிகிறது. அதற்குள் சம்பளம் ஏறாவிட்டால் நான் மட்டுமல்ல, என் விசாவை நம்பி அங்கே இருக்கும் கணவரும் மகளும் சேர்ந்தே கிளம்ப வேண்டும்.

மலிவாக ஆள் பிடித்து வந்து உள்ளூர்க்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கோடாம். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பக்கத்து நாற்காலியில் அதே வேலையைச் செய்யும் உள்ளூர்ப் பெண் என்னைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறாள். அவளுடைய பிழைப்பை நான் எப்படிக் கெடுத்தேன் என்று யாராவது விளக்கினால் தேவலை. கோட்டை ஏற்றியவர்கள், எங்கள் சம்பளத்தை ஏற்றுங்கள் என்று எந்த முதலாளிக்கும் சொல்லவில்லை. மிரட்டல் முழுக்க எனக்குத்தான்.

என் மேலாளர் நல்ல மனிதர். பயணச் செலவைக் கம்பெனி கொடுத்து அதையும் சம்பளத்தில் சேர்த்தால் ஆகாதா என்று கேட்டுப் பார்த்தார். ஆகாதாம். போனஸ்? ஆகாது. கூடுதல் நேரம் பார்க்கும் வேலைக்கான பணம்? அதுவும் ஆகாது. நிச்சயமாகக் கிடைக்கும் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கணக்கு. கடைசியில் அவர், "முதலாளிகளிடம் பேசுகிறேன். நீ ஊருக்குப் போய்விட்டு வா" என்றார். ஆடி மாதத்தில், லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு நான் மட்டும் அப்பாவிடம் வந்து சேர்ந்தேன்.

அப்பா விவசாயி. சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம்தான் அதிகம். குத்தகை நிலத்தின் சொந்தக்காரர் திருச்சியில் இருக்கிறார். எழுத்து எதுவும் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தைதான். அறுவடை முடிந்தால் அப்பா அவருக்குரியதைக் கையில் கொடுத்துவிடுவார். அடங்கலில், அதாவது யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கில், அந்தத் திருச்சிக்காரர்தான் பயிர் செய்கிறார். அவர் கால் அந்த வயலில் பட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. நிலம் விற்றாலும் பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. காகிதம் சர்க்காருக்கு, சொல் நமக்கு.

போன தை மாதம் தப்பு மழை பெய்து, அறுக்க வேண்டிய கதிரெல்லாம் சாய்ந்து தண்ணீரிலேயே முளைத்துவிட்டது. நிவாரணம் வந்தது, திருச்சிக்காரரின் கணக்குக்கு வந்தது. அவர் பெரிய மனது பண்ணி அதில் கொஞ்சம் கொடுத்தார். அப்பா அதை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். போனில் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. "என்ன பண்றது பாப்பா, அடங்கல் அவரு பேருலல்ல இருக்கு" என்று முடித்துவிட்டார்.

அப்படிப்பட்டவரிடம் போய் விசாக் கோட்டை விளக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறுமையாகக் கேட்டார். "எவ்வளவு கொறையுது?" என்றார். சொன்னேன். "இவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போய்விட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மேலாளர் கூப்பிட்டது ஒரு மத்தியானம். எங்கள் வீட்டில் ஜன்னலை ஒட்டிய தையல் மிஷின் மேல் வைத்தால்தான் சிக்னல் கிடைக்கும். வீடியோவில் அவரோடு, கம்பெனியில் விசா விவகாரங்களைப் பார்க்கும் பெண்மணியும் இருந்தார். வெளியே என்ன சத்தம் என்று மேலாளர் கேட்டார். டிராக்டர், அப்பாவுக்கு வயல் வேலை என்றேன். அந்த நேரம் பார்த்து அப்பா கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். "உன் அப்பாவா? ஒரு வணக்கம் சொல்லிக்கொள்கிறேனே" என்று மேலாளர் ஆசையாகக் கேட்டார். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

அப்பா அந்தக் காலத்து பி.ஏ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"சார், யூ ரைட் ஃபுல் சாலரி இன் பேப்பர். கவர்மென்ட் ஹேப்பி. பேலன்ஸ் அமவுன்ட், எவ்ரி மன்த், மை டாட்டர் வில் ரிட்டர்ன் டு யூ பை ஹேண்ட். நோ லாஸ் ஃபார் யூ. ஐ கேரண்டி."

திரையில் இரண்டு முகங்களும் அப்படியே நின்றுவிட்டன. சிக்னல் போய்விட்டதோ என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். போகவில்லை. நான் பாய்ந்து போய், அப்பா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நோ ஜோக் சார். வீ ஆர் குட் ஃபேமிலி" என்றார்.

மேலாளர் மெல்லச் சொன்னார்: "நான் நல்ல செய்தி சொல்லத்தான் கூப்பிட்டேன். முதலாளிகள் சம்பளத்தை ஏற்ற ஒத்துக்கொண்டுவிட்டார்கள்." அவர் முடிப்பதற்குள் அந்தப் பெண்மணி குறுக்கிட்டு, பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்வது எல்லோருக்கும் நல்லது என்றார். திரை இருண்டது. அப்பா என்னைப் பார்த்து, "ஒத்துக்கிட்டாங்களாம்ல?" என்றார்.

ஒரு கம்பெனி காகிதத்தில் சம்பளத்தை ஏற்றிக் காட்டிவிட்டு அதைக் கையால் திருப்பி வாங்கினால், வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு வைக்கும் உரிமையே அதற்குப் போய்விடும். அங்கே என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பும் சேர்ந்து போகும். அதனால் என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். இது யார் யோசனை? முன்பே இப்படி ஏதாவது பேச்சு நடந்ததா? எங்கள் ஊரில் நிலக் குத்தகை எப்படி நடக்கிறது என்பதையெல்லாம் விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுத எழுத, நானே எங்களைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது. இதெல்லாம் எங்களுக்குச் சகஜம் என்று நானே ஒப்புக்கொண்டால் அவர்கள் என்னதான் நினைப்பார்கள்? ஆடி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. என் நேர்மையில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லையாம். ஆனால் இந்த நிலையில் என் விசாவுக்குப் பொறுப்பேற்க முடியாதாம்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கை கழுவும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"வேலை போச்சு. சந்தோஷமாப்பா?"

"நான் என்ன தப்பாச் சொன்னேன்? அவங்களுக்கும் நஷ்டமில்ல, உனக்கும் காரியம் நடக்கும். மாசாமாசம் ஒழுங்காக் குடுத்துருக்க மாட்டியா நீ?"

"குடுக்குறது இல்லப்பா பிரச்சனை! பேப்பர்ல ஒண்ணு, கையில ஒண்ணு! இங்க அதுக்குப் பேரு நாணயம், அங்க அதுக்குப் பேரு திருட்டு. இந்தப் பழக்கத்தாலதான் உங்க நிவாரணம் எவனுக்கோ போச்சு. இப்ப என் வேலையும் போச்சு. எதையாவது ஒழுங்கா எழுதி வாங்கிருக்கீங்களா வாழ்க்கையில?"

தட்டில் மோர்ச் சோறு அப்படியே இருந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குத்தான் பேப்பர்ல பேரு இல்ல. உனக்காவது இருக்கட்டும்னுதான் சொன்னேன்" என்றார். எழுந்து போய்விட்டேன்.

ஆவணியில் இங்கிலாந்து போய், வீட்டைக் காலி செய்து, மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, புரட்டாசிக் கடைசியில் மூன்று பேருமாக வந்து இறங்கினோம். பூதலூர் ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் எங்கள் குத்தகை வயல் தெரியும். அதில் வேறொருவருடைய டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது. அப்பா வாடகைக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திதான் சொன்னார். நான் விமானம் ஏறிய வாரமே அப்பா திருச்சிக்குப் போயிருக்கிறார். குத்தகையை எழுத்தில் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். நிலத்துக்காரர் காபியெல்லாம் கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று மரியாதையாக அனுப்பி வைத்தாராம். எழுத்தில் போட்டால் நாளைக்குக் குத்தகைக்காரர்கள் நிலத்தை விட்டு நகர மாட்டார்கள் என்ற பயம் நிலத்துக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. அப்பா நம்பிக்கையோடு சொந்த நிலத்தில் குத்தகை வயலுக்கும் சேர்த்து நாற்று விட்டிருக்கிறார். நாற்று வளர்ந்த பிறகு சொல்லி அனுப்பினார்களாம், இந்த வருஷம் வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்று.

நாற்றங்காலுக்குப் போனேன். அப்பா தண்ணீரில் நின்று, பறித்த நாற்றை முடிச்சு முடிச்சாகக் கட்டி வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா போய்க் கேட்டீங்க?" எனக்குக் கத்தத்தான் வந்தது.

"நீ சொன்னது சரின்னு பட்டுச்சு பாப்பா. எழுதித்தானே வாங்கணும்."

"இந்த நாத்தெல்லாம் யாருக்கு?"

"வித்தாச்சு" என்று தலையை நிமிர்த்தாமல் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். டிராக்டர் ஓடிக்கொண்டிருந்த அதே வயலுக்கு.