சட்டையின் வலது கை

என் மனைவிக்கு எண்ணத் தெரியாது என்று பலர் முன்னிலையில் பொய் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை.

யுத்தகாலம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் குமாஸ்தா. கல்யாணமான புதிதில் அவள்தான் எனக்குக் கம்பளிநூலில் சட்டை பின்னக் கற்றுக்கொடுத்தாள். ஆண்பிள்ளை ஊசி பிடிப்பதா என்ற வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்காருவேன். ஆனால் நூலைக் கையில் எடுத்துவிட்டால் சாப்பாடுகூட மறந்துபோகும். புது நூல் கிடைக்காத காலம் அது. சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார மிஷன் அம்மாள் ஒருவர் கொடுத்த பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, நூலை அலசி, சுருள் நிமிர அடியில் கல் கட்டிக் கொடியில் தொங்கவிடுவோம். கிளிப்பச்சை, மஞ்சள், நாவல்பழ நிறம். அடுத்த வரிக்கு எந்த நிறம் என்று தினமும் சண்டை போடுவோம். அவள் சொன்ன நிறமே பொருந்தும். நான் ஒப்புக்கொண்டதில்லை.

மூத்த பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஒரு சட்டை பின்னினோம். உடம்பும் இடது கையும் அவள் பின்னியவை; வலது கை நான் பின்னியது. இரண்டு கைக்கும் வரி எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் நான் நூலைத் தளரவிட்டுப் பின்னுகிறவன். நான் பின்னிய கை மூன்று விரற்கடை நீண்டுவிட்டது. அதை மடித்துவிட்டிருந்தாள். கோயிலில் மடிப்பு அவிழ்ந்தது.

"ஏளா, பிள்ளைக்கு வலது கை மட்டும் வளந்துட்டா?" என்றாள் சபையில் ஒரு பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். என் ஆபீஸ்காரர்களும் அங்கே நின்றார்கள்.

"இவளுக்கு எண்ணத் தெரியாது" என்றேன்.

அன்றே அவள் ஊசிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன? காதால கேட்டது அவுகல்லா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியம்மாவிடம் போய், நீண்ட கை என் வேலை என்று சொன்னேன். "ஆம்பிளை பின்னுவானா? பொண்டாட்டிய விட்டுக்கொடுக்காத மனுசன்யா நீ!" என்று மெச்சினாள். பழி என் மனைவி மேலேயே நின்றது. எனக்குப் பாராட்டு வேறு.

பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாற்காலியைத் தெருவாசலில் போட்டு, மிச்சமிருந்த பச்சை நூலை எடுத்துப் பின்னத் தொடங்கினேன். காது எரிந்தது. மீனவர்கள் குடியிருக்கும் திரேஸ்புரத்துக்குப் போகிற வழி அது. தோளில் வலையோடு போன ஒருவர் நின்று பார்த்தார்.

"அண்ணாச்சி, வலை இம்புட்டுச் சின்னதா இருக்கே. இதுல என்ன மீனு பிடிக்கப் போறீய?"

உள்ளேயிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு மூன்று மாதமாகியிருந்தது. சற்று நேரத்தில் தன் ஊசிகளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் பின்னலை வாங்கி விரலால் அளந்தாள்.

"நூலை இழுத்துப் பிடிங்க. சட்டை பிள்ளைக்கு, ஆனைக்கு இல்ல."

அதன்பின் ஐம்பது வருடம் கதவைத் திறந்து வைத்தே பின்னினோம். சட்டைக்குக் கை வைக்கும் வேலையை மட்டும் அவள் என்னிடம் தரவேயில்லை.