நூறு மீட்டர் கேபிளும் ஒரு இண்டர்வியூவும்

என் கையெழுத்தோடு போன பதினோரு கேலிபிரேஷன் சர்டிஃபிகேட்டும் தப்பு என்று எனக்குத் தெரியவந்த அன்று, நிரந்தர வேலைக்கான இண்டர்வியூவுக்கு ஒன்பது நாள் பாக்கி. அதைச் சொல்வதற்கு முன், ஃபிசிக்ஸில் டாக்டரேட் வாங்கிய ஒருத்தி அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சியை முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களுக்கு அதுதான் முதலில் உதவும்.

1. விளம்பரத்தில் 'ஃபிசிசிஸ்ட்' என்று இருக்காது

எங்கள் வீடு எறணாகுளத்துக்கு எதிர்க்கரையான மட்டாஞ்சேரியில். அத்தாவுக்கு பஜாரில் கைலிக்கடை. திரவங்களுக்குள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஐந்து வருடம் அளந்து தீசிஸ் எழுதினேன். எழுபதுகளின் கடைசியில் பட்டம் வந்தது. அதன்பின் பதினான்கு மாதம் வேலை இல்லை. காலேஜில் லெக்சரர் இடம் ஒன்று காலியானால் வராந்தா முழுக்க ஆட்கள் நிற்பார்கள். தினமும் வாசகசாலைக்குப் போய், பேப்பரில் 'ஃபிசிசிஸ்ட் தேவை' என்று எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்காது.

ஒருநாள் அத்தா கேட்டார்: "ஏம்மா, அந்தப் படிப்புக்கு வேலைன்னு ஒண்ணு உண்டா, இல்ல படிப்பு மட்டும்தானா?"

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தேடும் முறையை மாற்றினேன். பதவியின் பெயரை விட்டுவிட்டு, என்ன வேலை செய்யவேண்டும் என்று எழுதியிருக்கும் பத்தியை மட்டும் படித்தேன். ஆஸ்பத்திரியில் ரேடியேஷன் அளக்க ஆள் வேண்டும். டயர் ஃபாக்டரியில் ரப்பரைச் சோதிக்க ஆள் வேண்டும். எல்லாமே ஃபிசிக்ஸ் வேலைதான், பெயர்தான் வேறு. அப்படித்தான் எறணாகுளத்தில் ஒரு கடல் ஆராய்ச்சிக்கூடத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது: டெக்னிக்கல் அசிஸ்டன்ட், தற்காலிகம். என் படிப்புக்குக் கீழான பதவி. ஆனால் வேலை தண்ணீருக்குள் ஒலியை அளப்பது. எழுதிப் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள்.

2. தொட்டி

தண்ணீருக்குள் சத்தத்தைக் கேட்கும் மைக்குக்கு ஹைட்ரோஃபோன் என்று பெயர். ஆராய்ச்சிக் கப்பலுக்குப் போகும் ஒவ்வொரு ஹைட்ரோஃபோனையும் எங்கள் சிமெண்ட் தொட்டியில் இறக்கி, இவ்வளவு சத்தத்துக்கு இவ்வளவு வோல்டேஜ் தரும் என்று அளந்து சர்டிஃபிகேட் எழுதவேண்டும். ஒரு வருடத்தில் பதினோரு சர்டிஃபிகேட் எழுதினேன். செக்‌ஷன் தலைவர் குருப்பு சார். முன்பு மதராஸில் வேலை பார்த்தவர், என்னோடு பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். தொட்டியில் எப்படி அளப்பது என்ற முறையை எழுதி வைத்திருந்தது அவர்தான்.

இரண்டாம் வருடம் அதே செக்‌ஷனில் நிரந்தர சயன்டிஸ்ட் போஸ்ட் ஒன்று வந்தது. எனக்கும் இண்டர்வியூ கார்டு வந்தது.

அந்த வாரம்தான் கப்பலிலிருந்து ஒரு ஹைட்ரோஃபோன் மறுசோதனைக்கு வந்தது. கேபிளைக் கழற்றாமல் டிரம்மோடு கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நூறு மீட்டர் கேபிள். தொட்டியில் நாங்கள் எப்போதும் இரண்டு மீட்டர் கேபிளில்தான் அளப்போம். மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே தண்ணீரில் இறக்கினேன். மீட்டர் முள் பாதிக்குத்தான் ஏறியது.

ஹைட்ரோஃபோன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டு மீட்டர் கேபிளை மாட்டிப் பார்த்தேன், முள் சரியான இடத்துக்கு வந்தது. திரும்ப நூறு மீட்டர், திரும்பப் பாதி. அந்த வகை ஹைட்ரோஃபோனில் உள்ளே ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அது தரும் மின்சாரத்தில் ஒரு பங்கை நீளமான கேபிளே எடுத்துக்கொள்கிறது. கெபாசிட்டர் பாடம் படித்த எவருக்கும் தெரிந்த விஷயம். நான் ஒரு வருடமாக யோசிக்கவில்லை. கப்பலில் இந்த நீளக் கேபிளை மாட்டி, என் சர்டிஃபிகேட்டை நம்பி, கடலின் சத்தத்தை உள்ளதில் பாதியாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

 

3. ஒன்பது நாள்

குருப்பு சாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவரே இரண்டு முறை கேபிளை மாற்றிப் பார்த்தார்.

"நீ சொல்றது ஸெரிதான். பக்ஷே இண்டர்வியூ கழியட்டே, முடிஞ்சப்புறம் நோட் எழுதலாம்."

"அதுக்குள்ள கப்பல் கிளம்பிடும் சார்."

"ஒரு வர்ஷமா இப்படித்தானே போயிட்டிருக்கு."

"எனக்காகத்தான் சொல்றீங்கன்னு தெரியுது சார்."

"நினக்காகவும்தான், எனக்காகவும்தான்," என்றார். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அன்று மாலை மட்டாஞ்சேரிக்குப் போகும் போட்டில், ஒன்பது நாள் பொறுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டே போனேன். வாதம் எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது. ஆனால் கப்பல் போய்த் தப்பாக அளந்துகொண்டு வரும் என்பது மட்டும் மாறவில்லை.

மறுநாள் தொட்டியில் பல நீளக் கேபிள்களை வைத்து அளந்து, எந்த நீளத்துக்கு எவ்வளவு திருத்தவேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டேன். 'நான் கொடுத்த பதினோரு சர்டிஃபிகேட்டுகளும் தவறு' என்று நோட் டைப் செய்து சாரின் மேஜையில் வைத்தேன். வெகுநேரம் படித்தார். பிறகு பேனாவை எடுத்து, அடியில் 'முறை எழுதியது நான்' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, மேலதிகாரிகளுக்கும் கப்பலுக்கும் அனுப்பினார்.

4. இண்டர்வியூ

போர்டில் ஐந்து பேர். நடுவில் இருந்தவர் கையில் என் நோட்டின் காப்பி.

"ஒரு வருஷமா இது உங்க கண்ணுல படலையா?"

"படல சார்."

"ஏன்?"

"தொட்டியில மட்டும்தான் பாத்தேன். கப்பல்ல எப்படி மாட்டறாங்கன்னு ஒரு தடவைகூட போய்ப் பாக்கல."

ஓரத்தில் இருந்தவர், "லேடீஸைக் கப்பல்ல ஏத்தற வழக்கமில்லையே," என்றார்.

"நான் கேக்கவும் இல்ல சார். அது என் தப்பு."

பம்பாயிலிருந்து வந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நல்ல ஆள், கெட்டிக்காரர். அதனால் எனக்கு வருத்தம் குறையவில்லை. வீட்டில் சொன்னபோது அத்தா கேட்டார்: "அந்தக் கடுதாசியக் குடுக்காம இருந்திருந்தா கெடச்சிருக்குமோ?"

"தெரியல அத்தா."

"சாயம் போற கைலின்னா நானும் சொல்லித்தான் விக்கிறேன். சில நேரம் வாங்காமப் போயிடுவாங்க," என்றார். 

5. கப்பல்

இரண்டு மாதம் கழித்துக் கப்பலிலிருந்து ஒரு கடிதம். பழைய பதிவுகளையெல்லாம் திருத்தவேண்டும், கேபிள்கள் பலதும் ஒட்டுப்போட்டவை, நீளம் யாருக்கும் சரியாகத் தெரியாது, பட்டியல் போட்டவரையே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அனுமதி வாங்க குருப்பு சார் மூன்று முறை மேலே எழுதினார். கடைசியில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் டிரிப்புக்கு மட்டும் சம்மதித்தார்கள்.

வைப்பின் தீவின் கரை பின்னால் போன கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுக்க ஆரம்பித்தேன். வாந்திக்கு நடுவே ஏழு கேபிள்களை அளந்தேன். கப்பல் சமையல்காரர் பால் சேர்க்காத கட்டன் சாயா ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "எல்லாவருக்கும் இப்படித்தான்," என்றார். அப்படி நான்கு டிரிப் போனேன். அடுத்த வருடம் இன்னொரு போஸ்ட் வந்தது. விளம்பரத்தில் 'கப்பலில் பணியாற்றிய அனுபவம் வேண்டும்' என்று இருந்தது. எனக்கு இருந்தது. இந்த முறை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். வேலை தேடும்போது பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள், அங்கே எதை அளக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை கிடைத்தபின், நீங்கள் அளந்து கொடுத்ததை வைத்து யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கவேண்டாம், முதல் மாதமே கேளுங்கள். நான் ஒரு வருடம் கேட்காமல் இருந்தேன்.