இடது பக்கப் பள்ளம்

"குந்து நைனா, வண்டில குந்துற மாதிரி குந்து" என்று டிரைவரைக் கள்ளிப்பெட்டி மேல் உட்காரவைத்து, வலது காலைத் தொடையிலிருந்து சாண் போட்டு அளப்பார் சவுரிமுத்து. தாம்பரம் மார்க்கெட் ஓரத்தில் வண்டிகளுக்குச் சீட்டு தைத்து மாட்டுகிறவர். டேப் உண்டு, ரெக்சின் வெட்டும்போது மட்டும் வெளியே வரும். "டேப்புக்கு இன்னா தெரியும், ஆளோட இடுப்பு நோவு?"

ஸ்டீரிங் பிடிக்க அவருக்குத் தெரியாது. ஆனால் பழைய சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவினால், ஓட்டியவர் எந்தப் பக்கம் சாய்ந்து வெற்றிலை துப்புவார் என்பதுவரை சொல்லிவிடுவார்.

போன வாரம் ஐஸ் டிப்போ ஞானையாவின் பிக்கப் வந்தது. உலகச் சண்டைக் காலத்துப் பழைய வண்டி. கோவளத்து மீனைப் படப்பைக்குக் கொண்டுபோவது. மீன் தண்ணீரில் சீட்டு இற்று, ஸ்பிரிங் வெளியே முளைத்திருந்தது. உடைத்துப்போட்ட கார் ஒன்றின் சீட்டை ஞானையா வாங்கி வந்திருந்தார். டிரைவர் சின்னதம்பிக்கு, எப்போதோ எலும்பு முறிந்து சேர்ந்ததில், இடது கால் கொஞ்சம் குட்டை. கிளட்ச் முழுசாக எட்டாமல் கியர் கத்தும்; காரணம் ஞானையாவுக்குத் தெரியாது.

"வேற சீட்டும் வாங்கியாச்சு. இனிமே ஒரு தடவை கியர் கத்தட்டும், வேற டிரைவர் பாத்துக்கறேன்" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டு ஞானையா மார்க்கெட்டுக்குள் போனார்.

சவுரிமுத்து ஆக்ஸிலேட்டர் காலை அளந்தே பழகியவர். அன்றும் வலது காலைத்தான் அளந்தார். சின்னதம்பி கூச்சத்தில் இடது கால் குட்டை என்பதைச் சொல்லவில்லை. போல்ட்டெல்லாம் முடுக்கிய பிறகு வண்டியைக் கிளப்பினால், கியர் பல்லைக் கடித்தது.

"வாயில இன்னா கொயக்கட்டையா வச்சிருந்தே?" என்று கத்தியவர், அவன் காலைப் பார்த்ததும் தணிந்தார். "தப்பு என்னுது நைனா. எறங்கு."

மறுபடி எல்லாம் கழன்றன. சீட்டின் இடது முன்விளிம்பில் தேங்காய் நாரைப் பிடிபிடியாகப் பிய்த்தெடுத்து, தொடை இறங்க ஒரு பள்ளம் செய்து தைத்து முடித்தார்.

ஞானையா வந்து தடவிப் பார்த்தார். "என்ன சவுரி, ஒரு பக்கம் பள்ளமா இருக்கு?"

ஒரு தையல் கோணினாலும் முழுசையும் பிரித்துவிடுகிற மனிதர் தலையைச் சொறிந்தார். "நாரு அமுங்கிப் போச்சு மொதலாளி. என் வேலதான் கோணலு."

"உன்னைப் போய் பெரிய வேலைக்காரன்னு சொன்னானுங்களே!" என்றபடி ஞானையா ஏறிக்கொண்டார். சின்னதம்பி யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு. கியர் மாற்றாமல் ஏற முடியாது. ரோட்டோரம் நின்ற சவுரிமுத்துவின் இடது கால் செருப்பை விட்டு வெளியே வந்து, புழுதியை மெல்ல அழுத்தியது. கியர் கத்தாமல் விழுந்து, வண்டி மேடேறிய பிறகே அந்தக் கால் எழுந்தது.