சுழி போட்ட சாவி

என் அலமாரியில் ஒரு பழைய கீபோர்டு கிடக்கிறது. மற்ற விசைகளெல்லாம் பளிச்சென்று இருக்க, 2 மட்டும் தேய்ந்திருக்கும். செங்கல்பட்டு ஸ்டேஷன் எதிரே, மாடியில் இருந்த எங்கள் சின்ன ஆபீசில் மேலாளர் தட்டித் தட்டித் தேய்த்தது. திருக்கழுக்குன்றத்தில் கோயில் கைங்கரியக் குடும்பம் அவருடையது. பிள்ளையார் சுழி போடாமல் எதையும் தொடங்க மாட்டார். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் வராது. பார்க்க உ மாதிரிதானே என்று முதல் வரியில் 2 போட்டுவிடுவார். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் ஸ்கிரிப்டுகளில் மட்டும் அதற்கு முன்னால் ஒரு # வைத்து, கம்ப்யூட்டர் கண்ணில் படாமல் மறைப்பார். நான் கேலி செய்தால் காதில் வாங்கமாட்டார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊருக்கு எச்சரிக்கை ஒலிபெருக்கி அமைத்தோம். என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் அது. கரையோர வீடு, கைக்குழந்தை. அலை வருகிறதென்று யாரோ கிளப்பிய புரளிகளை நம்பி ஓடி ஓடி, அந்த ஊர் ஜனங்களுக்கு எந்தச் செய்தியும் பொய்யாகத்தான் பட்டது. அதனால் எங்கள் செய்தியோடு ஒரு சரிபார்ப்புக் குறியும் போகும்படி மேலாளர் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதினார். செய்தியையும் ரகசியச் சாவியையும் சேர்த்து அரைத்தால் நீளமாக ஒரு குறி வரும். ஊர்ச் சமுதாயக் கூடத்துக் கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள சாவியைக் கொண்டு அதே மாதிரி அரைத்துப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஒலிபெருக்கி வாயைத் திறக்கும். சாவியில் ஓர் எழுத்து மாறினாலும் ஊமைதான்.

சாவியை அவ்வப்போது மாற்றும்போது மேலாளரே கோப்பை அப்படியே பிளாப்பியில் எடுத்துப்போய்ப் போட்டுவிட்டு வருவார். ஒரு ஐப்பசி மழையில் சாலையெல்லாம் தண்ணீர் நிற்க, போனிலேயே படித்துச் சொன்னார்; கூடத்தில் இருந்தவர் கேட்டு அடித்துக்கொண்டார். மறுநாள் முற்பகலில், கடல் உள்ளே வருகிறது, கரையோரம் காலி செய்யுங்கள் என்று கலெக்டர் ஆபீசிலிருந்து தகவல் வந்தது. அனுப்பினோம். குறி பொருந்தவில்லை. மறுபடி அனுப்பினோம், அப்போதும் இல்லை. மேலாளர் ஸ்கிரிப்டை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நாற்காலியில் உட்கார முடியாமல் அக்காவின் செல்லுக்குக் கூப்பிட்டேன்.

"நீ சொன்னா நான் நம்புவேன்டி. இங்க யாரும் நம்பல. மைக்கு பேசட்டும், கிளம்பலாம்னு உக்காந்துகினு கீறாங்க. இவங்கள வுட்டுட்டுக் கொயந்தய தூக்கினு நான் மட்டும் எங்கடி போறது?"

யார் சொன்னாலும் நம்பாதீர்கள், ஒலிபெருக்கியை மட்டும் நம்புங்கள் என்று அந்த ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்ததே நாங்கள்தான். செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டு, சாவி இருந்த கோப்பைத் திறந்தேன். முதல் வரியில் 2. அதற்கு முன்னால் # இல்லை. இருந்தாலும் பயனில்லை, கோப்பில் இருப்பதெல்லாம் சாவிதான். இதையும் போனில் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"பிள்ளையார் சுழிய யாரும்மா வாய்விட்டுப் படிப்பாங்க?" என்றவருக்கு அப்போதுதான் உறைத்தது, கூடத்துச் சாவியில் அந்த 2 இல்லை.

அவரைக் கேட்காமலே அந்த வரியை அழித்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அனுப்பினேன். செல்லுக்குள் ஒரு கரகரப்பு, அதன் பிறகு தூரத்தில் ஒலிபெருக்கிக் குரல்.

"பேசுதுடி" என்றாள் அக்கா. இணைப்பு அறுந்தது.

சாயங்காலம் அவள் மேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் அடுப்புவரைக்கும் கடல் வந்து மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

மேலாளர் சுழியை விடவில்லை. சாவிக் கோப்பில் முதல் வரியைத் தாண்டிப் படிக்கும்படி ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டார்!

இப்போது எச்சரிக்கை எல்லோர் செல்லுக்கும் தானாகவே போகிறது. ஆனாலும் மழை பிடித்துக்கொண்டால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. அந்தக் கீபோர்டை எடுத்து வைத்து, தேய்ந்த 2-ஐத் தடவிக்கொண்டே அக்காவைக் கூப்பிடுவேன். அவள் ஹலோகூடச் சொல்வதில்லை.

"மைக்கு பேசிடுச்சு. நாங்க கிளம்பிட்டோம். நீ உக்காருடி."