எரியுது

இன்று வயரிங் வேலை கேட்டு, கோப்பாயிலிருந்து பருத்தித்துறைக்குச் சைக்கிளில் போனேன். றேடியோ திருத்தும் கடை.

முதலாளி என் சான்றிதழைப் பார்த்தார். "தம்பி, நீர் செய்த வயரிங்கிலை பல்ப் எரிஞ்சதோ?"

"தெரியாது அண்ணை" என்றேன்.

வேறு என்ன சொல்வது? நான் வயரிங் பயிற்சிக்குச் சேருவதற்கு முன்பே, சண்டையால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றுவிட்டது. பலகையில் வயர் இழுப்போம், பல்ப் பூட்டுவோம். மாஸ்டர் வந்து சுவிட்சைத் தட்டுவார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து "எரியுது" என்போம். கடைசிச் சோதனையும் அப்படித்தான் நடந்தது. எங்கள் வகுப்பில் பிழை விட்டவர் ஒருவரும் இல்லை.

முதலாளி சிரிக்கவில்லை. "கரண்ட் வந்தால் வாரும், வயரிங் வேலை தாறன். இப்ப வேணுமெண்டால் வேறை ஒண்டு இருக்கு."

கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார். ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் நின்றது. அதன் டைனமோவிலிருந்து ஒரு றேடியோவுக்கு வயர் போயிருந்தது.

"றேடியோவுக்குப் போடப் பற்றறியும் இல்லை. திருத்தின றேடியோ பாடுதோ எண்டு பாக்க ஓராள் மிதிக்க வேணும். வேகம் குறைஞ்சால் செய்தி நிண்டுபோம்."

பின்னேரம் வரை மிதித்தேன். பிறகு வீட்டுக்கும் மிதித்தேன்.

"வேலை கிடைச்சுதோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்."

"வயர்மன் வேலைதானே?"

நான் சைக்கிளைச் சுவரில் சாத்தினேன். உங்களிடம்தான் கேட்கிறேன். நான் இப்போது வயர்மனா, கரண்டா?