சீவி எறிந்த ஓநாய்

அலுவலகத்தில் அவரைப் பளிச் என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே. இருபத்திரண்டு வருடம் வனத்துறையின் பதிவறையில் கோப்புகளைத் தூசு தட்டி அடுக்கினார். கோப்பைத் தட்டுவதற்கு முன்னால், தட்டும் துணியைத் தட்டுவார். கல்யாணமான முதல் வாரத்தில் மாமனார் வீட்டில் கொடுத்த டம்ளரை எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்து தண்ணீர் குடித்தார். அன்றிலிருந்து மனைவியின் அண்ணனுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

ஐம்பத்தோராவது வயதில் அவருக்குக் காட்டு விலங்கின் எச்சம் பொறுக்கும் வேலை வந்தது.

ஊருக்குக் கிழக்கே ஒரு முள்காடு. அதில் பந்தயக் கார் ஓடுபாதை போடப்போவதாகப் பேச்சு. எல்லைக்கல் நடும் வேலை மனைவியின் அண்ணனுக்குக் கிடைத்திருந்தது. ஒருநாள் காலையில் அந்த வழியாக சைக்கிளில் வந்த பளிச், ஓநாயைப் பார்த்ததாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை.

"மாப்பிள்ளை, அது பட்டினி கிடக்கிற நாய். பாவம், ஒரு ரொட்டி வாங்கிப் போடுங்க" என்றார் மனைவியின் அண்ணன்.

"நாய்னா என்னைப் பார்த்துக் குரைக்கும் மச்சான். இது என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, இவன் பரவாயில்லைன்னு போயிடுச்சு."

அதிகாரி மட்டும் பாதி நம்பினார். ஓநாய் இருப்பது உறுதியானால் காடு தப்பும். இல்லையென்றால் ஓடுபாதைதான். முடிவு சொல்ல ஒரு குழு இருந்தது. அந்தக் குழு கண்ணால் கண்டதை ஏற்காது. எச்சத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, மரபணுவைப் பார்த்து, இது இன்ன விலங்கு என்று அவர்கள் எழுதித் தர வேண்டும்.

"பார்த்தது நீங்க. பொறுக்கிறதும் நீங்களே" என்றார் அதிகாரி.

பளிச் இரண்டு ஜோடிக் கையுறை போட்டுக்கொண்டு போனார். ஒரு மாதத்தில் பத்தொன்பது பொட்டலம் சேர்ந்தது. இடம், தேதி, நேரம் எல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுத்தில் இருந்தன. இதற்கென்று அவர் ஒரு கத்தி வாங்கியிருந்தார். அந்தக் கத்தியைப் பார்த்த மனைவி ஒரே வாக்கியம்தான் சொன்னாள்.

"அது வாசப்படி தாண்டி உள்ள வந்தா, நான் வாசப்படி தாண்டி வெளிய போயிடுவேன்."

கத்தி சைக்கிள் பெட்டியிலேயே இருந்தது.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. ஒன்பது ஆடு, ஆறு முயல், நான்கு எலி. ஓநாய் இல்லை. நாய்கூட இல்லை.

"ஓநாய் பிடிக்க அனுப்பினா ஆட்டுப் பண்ணை நடத்திட்டு வந்திருக்கீங்களே" என்றார் அதிகாரி. அலுவலகம் மூன்று நாள் சிரித்தது. யாரோ பதிவறைக் கதவில் ஒரு பிடி புல்லைக் கட்டிவிட்டிருந்தார்கள். மனைவியின் அண்ணன் வீட்டுக்கே வந்தார்.

"எலி இம்மாம்பெருசு போட்டிருக்குன்னா, எலியோட சைசு என்ன மாப்பிள்ளை? பூனைகிட்ட சொல்லி வைக்கணும்ல?"

அவர் பார்த்தது ஓநாய்தான். ஆனால் குழு கூடுவதற்கு இன்னும் மூன்றே வாரம் இருந்தது. அன்று தலை சீவாமல் வேலைக்குப் போனார். அதைப் பார்த்துத்தான் மனைவி பயந்தாள்.

ஆய்வுக்கூடத்துப் பெண் போன் செய்தது மறுநாள்.

"ஐயா, எங்களுக்கு நாலா பக்கத்திலேர்ந்தும் பொட்டலம் வருது. உங்களுது மாதிரி சுத்தமா நான் பார்த்ததே இல்ல. எப்படி இவ்வளவு அழகாக் கிடைக்குது?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அவரை இப்படிப் பாராட்டியதில்லை. அவர் விளக்கமாகவே சொன்னார். மேலே மண், எறும்பு, வழவழப்பு எல்லாம் இருக்கும். அதைக் கிழங்கு சீவுவதுபோல் சீவி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் நல்ல பாகத்தை மட்டும் அனுப்புகிறார்.

சொல்லி முடித்துவிட்டு, போனை ஒருமுறை எடுத்துப் பார்த்தார்.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன் ஐயா. போட்டது யாருங்கிறது அந்த மேல்தோல்லதான் இருக்கு. குடலை உரசிட்டு வர்ற வழவழப்பு அது. உள்ள இருக்கிறது, அது யாரைத் தின்னுச்சுங்கிறது. நீங்க ஆளைச் சீவி எறிஞ்சுட்டு, சாப்பாட்டை மட்டும் எங்களுக்கு அனுப்பியிருக்கீங்க."

பளிச் நாற்காலியைத் துடைக்காமல் உட்கார்ந்தார்.

சோதனைக்குப் பன்னிரண்டு நாள் வேண்டும் என்றாள் அவள். புதிதாக ஒன்று உடனே வேண்டும். அதுவும் இருக்கிறபடியே வேண்டும். அவர் விடிந்ததும் முள்காட்டுக்குப் போனார். ஒரு வாரமாகக் கல் ஏற்றி வந்த வண்டிகள் பாதையெல்லாம் உழுதுவைத்திருந்தன. நாலு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில், புதிதாக நட்ட எல்லைக்கல் ஒன்றின் உச்சியில், மகுடம் வைத்ததுபோல் இருந்தது. சிவப்பு மையில் 14 என்று எழுதிய கல். இன்னும் காயவில்லை. அதாவது, கல் அல்ல, எச்சம்.

படம் எடுத்தார். கையுறை போட்டார். பிறகு அப்படியே நின்றார். மண் இருந்தது. முடி இருந்தது. ஒரு எறும்பு சுற்றிச் சுற்றி வந்தது. ஆய்வுக்கூடத்துக்கு போன் போட்டார்.

"இந்த எறும்பை மட்டும் ஊதி விட்டுடலாமா?"

"ஊதாதீங்க! உங்க எச்சில் பட்டா மனுஷன்னு வந்துடும். அப்புறம் உங்களைத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்க."

எறும்போடு போத்தலில் போட்டு மூடினார். கண்ணை மூடிக்கொண்டு செய்ததாகப் பின்னால் மனைவியிடம் சொன்னார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

குழு கூடிய அன்று அதிகாரி முடிவைப் படித்தார். ஓநாய். பெண். நாய்க் கலப்பு இல்லை.

கல் நட்டவர் என்று கூட்டத்துக்கு வந்திருந்த மனைவியின் அண்ணன் எழுந்தார். "எங்கேயோ மிருகக்காட்சி சாலையில அள்ளிட்டு வந்திருப்பாரு."

"எங்க எடுத்தீங்க?" என்று குழுத் தலைவி பளிச்சைக் கேட்டார்.

"பதினாலாம் கல்லு மேல, அம்மா."

தலைவி படத்தைப் பார்த்தார். "கல் தெரியுது. ஆனா இது ஓடுபாதைக்குள்ளதான் இருக்குன்னு என்ன நிச்சயம்? இந்தக் கல்லெல்லாம் குத்துமதிப்பா நடுறதுதானே?"

மனைவியின் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"குத்துமதிப்பா? என் கல்லு ஒரு விரக்கடை தள்ளி நிக்காதும்மா! பதினாலு நட்ட நடுக் காட்டுல இருக்கு. அவர் படம் எடுத்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம், நானே பக்கத்துல நின்னு நட்டது. நட்டு முடிச்சதும் துணியால துடைச்சு, நம்பர் எழுதிட்டுத்தான் வந்தேன். வேணும்னா எழுதிக்கோங்க!"

தலைவி எழுதிக்கொண்டார். முழுதும் எழுதி முடித்து, கீழே அவரிடமே கையெழுத்தும் வாங்கினார்.

படிக்கட்டில் இறங்கும்போதுதான் மனைவியின் அண்ணனுக்கு உறைத்தது.

"மாப்பிள்ளை, இப்ப நான் உள்ள என்ன சொன்னேன்?"

"உள்ளதைச் சொன்னீங்க மச்சான்."

"நாப்பது கல்லு நட்டேன். அந்தக் கழுதைக்கு வேற கல்லே கிடைக்கலையா?"

"ஓநாய் மச்சான். நல்லா நேரா, எடுப்பா நிக்கிற இடமாப் பார்த்துத்தான் போடுமாம். ஆய்வுக்கூடத்து அம்மா சொன்னாங்க."

மனைவியின் அண்ணன் இரண்டு படி இறங்கினார். கோபம் முகத்தில் பாதிதான் இருந்தது.

"நேரா நிக்கிறதா? அப்படியா சொன்னாங்க?"

"ஆமா."

"ஒரு வாரத்துல எல்லாத்தையும் பிடுங்கணுமாம். குழுத் தலைவியம்மா உத்தரவு."

"பிடுங்குங்க."

"பதினாலை மட்டும் விட்டுடறேன்" என்றார் அவர். "அதுக்குப் பழகியிருக்கும்."